ஊர் போகாத சைக்கிள்

போடிநாயக்கனூரில் என் தங்கை வீட்டுக்குப் போனால் முதலில் வரவேற்பது ஏலக்காய் மணம். அப்புறந்தான் தங்கை வருவாள். ஏலக்காயை ஏலம் போட்டு விற்கிற ஊர் அல்லவா? 2010-ன் கடைசியில் அகலப் பாதைக்காக நின்றுபோன மதுரை ரயில் 2023 ஜூனில் திரும்பி வந்த பிறகு, அங்கே போவது எனக்குச் சுலபமாகிவிட்டது.

சென்ற ஆடி மாதம் போனபோது மணத்தோடு ஒரு சத்தமும் வரவேற்றது. தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி 'ஊம்' என்று ஒரே சீரான சத்தம்.

"மில் வைத்திருக்கிறாயா, அம்மா?" என்றேன்.

"அதெல்லாம் இல்லண்ணே. உங்க மருமகன் சைக்கிள் விடுறான்."

"எங்கே?"

"உள்ளேதான்."

எட்டிப் பார்த்தேன். ஒரு காலத்தில் மைத்துனர் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்த அறை அது. நடுவிலே பையன் சைக்கிள் மேல் பல்லியைப் போல் படுத்துக்கொண்டு காற்றாய்ப் பறக்கிறான். ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கிறான்! சாணை பிடிக்கிறவர் ஸ்டாண்டு போட்ட சைக்கிளை மிதிப்பாரே, அதுவாவது கத்திக்குக் கூர் கொடுக்கும். இது எதற்கு?

பையன் இறங்கி வந்து, துண்டால் வேர்வையைத் துடைத்தபடி விளக்கினான். நீந்தி, சைக்கிள் விட்டு, ஓடி, மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கிற பந்தயமாம். டிரையத்லான் என்று பெயர். 1978-ல் ஹவாய்த் தீவில் பதினைந்தே பேர் துணிந்து புறப்பட்ட பந்தயத்தில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42 கிலோமீட்டர் ஓட்டம். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் சேர்த்தபோது தூரம் 1.5, 40, 10 தான். அந்தக் குறைந்த தூரம் போதும் என்று என் மருமகன் பெருந்தன்மையோடு சொன்னான்.

சைக்கிளுக்கு அடியில் ஒரு சட்டம். அதில் மூன்று உருளைகள். பின் சக்கரத்துக்கு இரண்டு, முன் சக்கரத்துக்கு ஒன்று. பின் உருளை சுற்றும்போது ஒரு பட்டை முன் உருளையையும் சுற்ற வைக்கிறது. சைக்கிளை எதிலும் கட்டவில்லை, பூட்டவில்லை. விழாமல் இருப்பது ஓட்டுகிறவன் பாடு.

"ஏண்டா, மேற்கே இவ்வளவு பெரிய மலை நிற்கிறது. அங்கே போய் ஏறக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன், மழை நாளில், எஸ்டேட்டிலிருந்து இறங்கிய ஜீப் போடிமெட்டுப் பாதையில் சறுக்கிப் போயிற்று. அதில் மைத்துனர் இருந்தார். அன்று முதல் தங்கை மேற்கு ஜன்னலைத் திறப்பதில்லை. பையன் சைக்கிள் வாங்கிய அன்றே, மலையடிவாரத்து முந்தலைத் தாண்டுவதில்லை என்று கையடித்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். அதனால்தான் உருளை.

"அந்தச் சத்தம் கேட்டாத்தான்ணே எனக்கு நிம்மதி. நின்னா திடுக்குன்னு முழிச்சுக்குவேன்" என்றாள்.

மறுநாள் எனக்கும் ஓர் ஆசை. தங்கையின் பழைய சைக்கிளை உருளை மேல் ஏற்றிவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். சும்மா சொல்லக் கூடாது, ஜோராகத்தான் இருந்தது. தூணை விட்டேன். சக்கரம் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தேன். அடுத்த நிமிஷம் பாயில் கிடந்தேன்.

"கீழே பார்த்தா விழத்தான் செய்வீங்க, மாமா. எதிர்ச் சுவரைப் பாருங்க. இடது பக்கம் சாஞ்சா இடது பக்கமே திருப்புங்க."

காப்பியோடு வந்த தங்கை வாசற்படியில் நின்றாள். "விழுற பக்கமே திருப்புனா விழுந்துற மாட்டாங்களாடா?"

"திருப்பலேன்னாத்தான்மா விழுவோம்."

பையன் சொன்னது வெறும் சாமர்த்தியப் பேச்சு இல்லை. சைக்கிள் சாய்கிற பக்கம் கைப்பிடியைத் திருப்பினால், சக்கரங்கள் அந்தப் பக்கம் நகர்ந்து சரீரத்தின் அடியில் வந்து தாங்கிக்கொள்கின்றன. முன் சக்கரம் சுற்றினால்தான் அப்படி நகரும். அந்தப் பட்டை அதற்காகத்தான். சக்கரம் பம்பரம் போல் சுழல்வதால் சைக்கிள் நிற்கிறது என்று நாம் படித்தோம் அல்லவா? 2011-ல் நெதர்லாந்து, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பம்பர பலத்தை ரத்துச் செய்து ஒரு சைக்கிள் செய்து தள்ளிவிட்டார்கள். ஆள் இல்லாமலே அது நிமிர்ந்து ஓடியது. சாய்ந்த பக்கம் தானே திரும்பியது.

"அப்போ பந்தயத்துக்கு இது போதுமில்ல?" என்றாள் தங்கை.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "உருளைக்கு மேடு தெரியாதும்மா. எதிர்க்காத்தும் கிடையாது. சமதரையில வேகமாப் போனா காத்தைத் தள்ளத்தான் பாதிக்கு மேல பலம் செலவாகும். இங்க வேர்வைக்கு ஃபேன் வச்சுக்கிறேன், அவ்வளவுதான்."

தங்கை காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் அவளே வந்து என்னை எழுப்பினாள். வெளியே வாடகைக் கார் நின்றது. "மழை விட்டிருக்கு. அவனை மேட்டுக்குப் போகச் சொல்லிட்டேன். நாம பின்னாலேயே போவோம்ணே" என்றாள்.

கொண்டை ஊசி வளைவுகள் பதினேழு. முன்னால் பையன் சைக்கிளில். பின்னால் நாங்கள் ஊர்ந்தோம். தங்கை வாய்க்குள்ளேயே வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் எண்ணிக்கை நின்றது. "நிறுத்துங்க" என்றாள். இறங்கிப் போய்ச் சுவரோரம் நின்று கீழே பார்த்தாள். மேலே போய்க்கொண்டிருந்த பையனும் ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டான். நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். அது அவர்கள் இரண்டு பேருக்கும் உரிய இடம்.

"போடா, இன்னும் ஏத்தம் இருக்கில்ல?" என்று அவள்தான் முதலில் குரல் கொடுத்தாள்.

மேட்டில் மூவரும் தேநீர் குடித்தோம். பையனுக்கு மூச்சு வாங்கியது. சிரிக்க மட்டும் முடிந்தது. இறங்கும்போதும் பின்னாலேயே வந்தோம். "மெதுவா, மெதுவா" என்று அவள் சொன்னது கண்ணாடிக்கு வெளியே கேட்டிருக்காது.

அன்று சாயங்காலம் களைத்துப்போன பையன் உருளையில் ஏறவில்லை. வீட்டில் சத்தமே இல்லை. எனக்குத்தான் தூக்கம் வராமல் எழுந்து கூடத்துக்குப் போனேன். தங்கை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.