முதலில் மெர்லோ

செப்டம்பர் 20, பிரான்சின் போர்தோ வட்டாரம், சேந்த் எமிலியோன் அருகே

மெர்லோ திராட்சை அறுவடை தொடங்கிவிட்டது. காலடியில் களிமண், நேற்றைய தூறலுக்கே செருப்பில் அப்பிக்கொண்டது. வரிசையில் எனக்கு இந்தப் பக்கம் மொரோக்கோக்காரர் ஒருவர், அந்தப் பக்கம் சிலி நாட்டு மாணவி. கத்தரியால் காம்பை நறுக்கிக் கூடையில் போடுவதுதான் வேலை. மதியத்துக்குள் இடுப்பு கழன்றுவிட்டது.

தோட்டக்கார அம்மாள் ஒரு பழத்தைக் கடித்து, விதையை உள்ளங்கையில் துப்பிப் பார்க்கிறார். பச்சையாக இருந்தால் அந்த வரிசையைத் தொடக்கூடாது, பழுப்பேறியிருந்தால் வெட்டலாம். சர்க்கரையை அளக்கும் கருவி சட்டைப்பையில் இருக்கிறது. இருந்தாலும் துப்பிப் பார்த்த பிறகே ஆட்களை இறக்குகிறார். வெளியூரில் போர்தோ ஒயின் என்றால் காபர்னே சோவின்யோன் ரகத்தின் பேச்சுதான். இங்கே சிவப்புத் திராட்சைப் பரப்பில் பாதிக்கு மேல் மெர்லோ.

செப்டம்பர் 22

தொட்டிக் கொட்டகையில் வேலை. இவ்வளவு கறுத்த பழத்தைப் பிழிந்தால் வருவது நிறமற்ற சாறு. சிவப்பெல்லாம் தோலில் இருக்கிறது. தோலோடு சேர்ந்து புளித்தால்தான் சாற்றில் நிறம் இறங்கும். புளிக்கும்போது தோல் மேலே மிதந்து கெட்டித்துப்போகிறது. அடியிலிருந்து சாற்றை இறைத்து அதன்மேல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டிக்குள் தலையை நீட்டாதே என்று இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். கரியமில வாயு ஆளையே சாய்த்துவிடுமாம்.

செப்டம்பர் 25

மழை. வேலை இல்லை. மெர்லோவுக்குத் தோல் மெல்லியது, ஈரம் நின்றால் அழுகும். அம்மாள் யாரோடும் பேசவில்லை.

சிலிப் பெண் தன் நாட்டுக் கதை சொன்னாள். அங்கே பல காலமாக மெர்லோ என்று விற்றதில் பெரும்பங்கு மெர்லோவே இல்லை. 1994-ல் மைப்போ பள்ளத்தாக்குக்கு வந்த பிரெஞ்சுத் திராட்சைக்கொடி நிபுணர் ழான் மிஷேல் பூர்சிக்கோ, கொடியைப் பார்த்து அது கார்மெனேர் என்று சொல்லிவிட்டார். 19-ஆம் நூற்றாண்டில் போர்தோவிலிருந்து கப்பலேறிய ரகம். இங்கே ஃபில்லாக்சரா பூச்சி வேரை அழித்த பிறகு யாரும் அதைப் பெரிதாகத் திரும்ப நடவில்லை. கார்மெனேர், மெர்லோவுக்குச் சில வாரங்கள் பிந்திப் பழுக்கும். மெர்லோ என்று நினைத்து மெர்லோவின் நாளிலேயே பறித்தார்கள். ஒயினில் குடைமிளகாய் வாசனை அடித்தது. பழத்தைக் குறை சொல்லி என்ன? இன்னும் சில வாரம் கொடியில் விட்டிருந்தால் போதும்.

செப்டம்பர் 30

காபர்னே ஃப்ரான். கொஞ்சம்தான், அரைநாளில் முடிந்தது. ஆனால் இந்த ஊர் ரகங்களுக்கு இதுதான் மூத்த பெற்றோர். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கரோல் மெரிடித்தும் ஜான் பவர்ஸும் மரபணுவைப் பார்த்து 1997-ல் வெளியிட்டது: காபர்னே ஃப்ரானும், வெள்ளை ஒயினுக்கான சோவின்யோன் பிளாங்கும் கலந்து பிறந்தது காபர்னே சோவின்யோன். மெர்லோவும் கார்மெனேரும்கூட ஃப்ரானின் பிள்ளைகளே.

அக்டோபர் 6, மெதோக்

ஆற்றின் இடக்கரை. சேந்த் எமிலியோன் இருப்பது வலக்கரையில். மண் என்று சொல்ல ஒன்றுமில்லை, எங்கும் கூழாங்கல். தண்ணீர் நிற்காது, பகல் வெயிலைக் கல் பிடித்துவைத்து இரவில் விடுகிறது. தாமதமாகப் பழுக்கும் காபர்னே சோவின்யோனுக்கு அந்தச் சூடு வேண்டும். வலக்கரையின் குளிர்ந்த களிமண்ணில் அது பல வருடங்களில் பழுக்காமலே நின்றுவிடும்.

பழம் சின்னது, தோல் தடிமன், விதை பெரிது. ஒன்றைக் கடித்தேன், பச்சைப்பாக்கை மென்றதுபோல் நாக்கு இழுத்துக்கொண்டது. இந்தத் துவர்ப்புதான் ஒயினைப் பல வருடம் தாங்கவைக்கிறது. மெர்லோவைச் சேர்ப்பது அதை மிருதுவாக்க என்று புத்தகங்கள் சொல்லும். அதைவிட இந்தத் தோட்டத்து மேஸ்திரி சொன்னது எனக்குப் பிடித்தது. மெர்லோ முந்தித் துளிர்க்கும், வசந்தத்து உறைபனியில் கருகும். காபர்னே பிந்தித் துளிர்க்கும், இலையுதிர்கால மழையில் மாட்டும். “ரெண்டும் ஒரே வருஷத்துல போறது அபூர்வம்” என்றார். 2017 ஏப்ரல் உறைபனியைப் பற்றிக் கேட்டதும் கையை மட்டும் உதறினார்.

அக்டோபர் 9

பெத்தி வெர்தோ ரகம் கடைசி வரிசைகளில் இன்னும் பழுக்கவில்லை. முன்பெல்லாம் சில வருடம் பழுக்கவே பழுக்காதாம். இப்போது கோடை காய்ச்சுவதால் அதற்கு மவுசு கூடியிருக்கிறது. அதே வெயிலில் மெர்லோவுக்குச் சர்க்கரை ஏறிப்போய் ஒயினில் சாராயச் சத்து மிஞ்சுகிறது.

2021-லிருந்து போர்த்துகலின் தூரிகா நாசியோனால் உட்படச் சில புது ரகங்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் தோட்டத்தில் 5 சதவீதம், கலவையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மறுபுறம், ஒயின் விற்காததால் கொடியைப் பிடுங்கினால் ஹெக்டேருக்கு 6,000 யூரோ தரும் திட்டம் 2023-ல் வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் பாதி வெறும் நிலமாகக் கிடக்கிறது. மேஸ்திரி தூரிகா நடுவதற்கு ஓர் ஓரத்தை அளந்து முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தார். “காய்ப்புக்கு வர மூணு வருஷம் ஆகும். அப்ப வந்து வெட்டுங்க” என்றார்.