உ என்று ஓர் அணி

எங்கள் பக்கத்தில் யூனிவர்ஸிடி ஃபுட்பால் டீம் என்பது ஒரு பருவத்து ஜீவன். கல்லூரிகளிலிருந்து பையன்களை வரவழைத்து, இரண்டு நாள் ஸெலக்ஷன் வைத்து, பத்து நாள் காம்ப் நடத்தி, ரயிலேற்றி மண்டலப் போட்டிக்கு அனுப்புவார்கள். கல்கத்தா யூனிவர்ஸிடியின் துணைவேந்தராக இருந்த அஸுதோஷ் முகர்ஜியின் பெயரில் ஒரு கோப்பை உண்டு. அதை நோக்கிப் போய், பெரும்பாலும் வழியிலேயே தோற்றுத் திரும்புவார்கள். திரும்பிய மறுநாள் டீம் என்று ஒன்று கிடையாது. நான் ஒரு வருஷம் அப்படிப் போயிருக்கிறேன், லெஃப்ட் பாக்காக. இரண்டு மாட்ச். ஜெர்ஸியைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு சான்றிதழோடு ஊர் வந்தேன். பின்னால் குமாஸ்தா உத்தியோகத்துக்கு அது பயன்பட்டது. அடுத்த வருஷம் என் இடத்தில் ஆடியவன் யார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் ஆடியவன் யார் என்றும் கேட்டதில்லை.

2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக் கழகம் தோன்றியபோது திருவண்ணாமலைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக் கழகத்திலிருந்து பிரிந்து அதோடு சேர்ந்தன. மைதானம் அதே மைதானம். பையன்களும் அதே பையன்கள். மார்பில் இருந்த பெயர் மட்டும் மாறிற்று. யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை. விடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் கால்பந்துக்குத் தொடர்ச்சி என்று ஒன்று இருந்ததென்றால் அதைக் கொடுத்தவை ஆபீஸ்கள்தாம். ஐ.ஸி.எஃப்., துறைமுகம், இந்தியன் பாங்க். சம்பளப் பட்டியல்தான் நம்முடைய கிளப் சரித்திரம்.

இந்தப் பின்னணியில்தான் ருமேனியாவின் யூனிவர்ஸிடாடெயா க்ளூஜ் என்கிற அணியின் கதை என்னை வந்து பிடித்துக்கொண்டது. ரமணாசிரமத்துக்கு வந்து மூன்று மாதம் தங்கியிருந்த ஒருவர் சொல்லித்தான் முதலில் தெரியும். செங்கம் சாலை டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். சித்திரை வெயிலில்கூடக் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கம்பளித் துண்டு. அது அவருடைய அணியின் நிறம். அணியின் சின்னம் ஒரே ஓர் எழுத்து. ரோமன் லிபியின் யு. ருமேனியர்கள் அதை ‘உ’ என்றுதான் உச்சரிக்கிறார்கள். க்ளூஜ்காரர்களுக்கு முழுப் பெயர் தேவையில்லை, ‘உ’ போதும். நாம் காகிதத்தின் தலையில் சுழிக்கிற எழுத்தைக் காட்டி, இதுவும் அதுவும் ஒரே ஓசைதான் என்று சொன்னேன். அவருக்கு அதில் அடங்காத சந்தோஷம். எனக்கு அந்தச் சந்தோஷம் கொஞ்சம் அதிகப்படியாகப் பட்டது. மற்றதைப் பின்னால் நானாகத் தேடிப் படித்தேன்.

1919 நவம்பரில் தொடங்கிய சங்கம். தொடங்கியவர் யூலியு ஹட்ஸியேகானு என்ற வைத்தியப் பேராசிரியர். இன்று அவ்வூர் மருத்துவப் பல்கலைக் கழகத்துக்கும், அவர் முயன்று உருவாக்கிய விளையாட்டுப் பூங்காவுக்கும் அவர் பெயர்தான். படிக்கிறவன் உடம்பையும் வளர்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. கால்பந்து அதில் ஒரு பகுதி, அவ்வளவுதான். ஆனால் மாணவர்கள் நான்கைந்து வருஷத்தில் போய்விடுகிறவர்கள். போகிறவர்களை வைத்துக்கொண்டு நிலைக்கிற ஒரு ஸ்தாபனத்தை எப்படிக் கட்டுவது? நம்மவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. க்ளூஜில் விடை தற்செயலாக அமைந்தது என்று நினைக்கிறேன். வெற்றி அதற்கு உதவவில்லை. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரத்தில் ஒரே ஒரு கோப்பை, 1965இன் ருமேனியக் கோப்பை, தினாமோ பிடெஷ்டை 2-1 என்று வென்றது. லீக் சாம்பியன் பட்டம் ஒருதரம்கூட இல்லை. அந்த ஊரின் ரயில்வே அணியான சி.எஃப்.ஆர். 2008இலிருந்து எட்டு முறை சாம்பியன். அவர்களுடைய ஐ.ஸி.எஃப். என்று வைத்துக்கொள்ளலாம். இருந்தும் நண்பர் சி.எஃப்.ஆர். என்ற மூன்றெழுத்தை உதட்டைச் சுழித்துக்கொண்டுதான் சொல்வார்.

அணிக்கு உயிர் கொடுத்தது ஓர் இடப்பெயர்ச்சி. 1940 ஆகஸ்ட் 30இல் வியன்னாவில் ஜெர்மனியும் இத்தாலியும் உட்கார்ந்து வடக்கு டிரான்ஸில்வேனியாவை ஹங்கேரிக்கு எழுதிக் கொடுத்தன. க்ளூஜ் போயிற்று. ருமேனியப் பல்கலைக் கழகம் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே ஸிபியு ஊருக்குப் போனது. விஞ்ஞானப் பிரிவு டிமிஷோராவுக்கு. அணியும் ஸிபியு போனது. ஹட்ஸியேகானு அங்கே ரெக்டராகவே இருந்தார். ஊரில்லாத அந்த அணி 1942இல் கோப்பை இறுதியாட்டம் வரை வந்து, புக்காரெஸ்டின் ராபிட் அணியிடம் 1-7 என்று தோற்றது. ஏழு கோல் வாங்கிய ஆட்டத்தை எண்பது வருஷம் கழித்து ஒரு மனிதர் கௌரவத்தோடு சொல்லக் கேட்டேன். 1945இல் எல்லோரும் க்ளூஜ் திரும்பினார்கள்.

பல்கலைக் கழகம் இடம்பெயர்வது என்பது தமிழில் படிக்கிறவனுக்குத் தூரத்து விஷயமல்ல. 1987 அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தின் விளையாட்டு மைதானத்தில்தான் இந்தியப் படை ஹெலிகாப்டரிலிருந்து இறங்கியது. இறங்கியவர்களில் பலர் அந்தச் சண்டையில் செத்துப்போனார்கள். 1995 அக்டோபர் 30இல் குடாநாட்டின் அந்தப் பகுதியே இரவோடு இரவாகக் காலியானபோது பல்கலைக் கழகமும் காலியாயிற்று. எங்கள் ஊரில் கார்த்திகை தீபத்துக்கு வெளியே இருக்கிற திடல்களெல்லாம் தற்காலிக பஸ் ஸ்டாண்டுகளாகிவிடும். நாலு நாளில் டயர்த் தடத்தை மிதித்து அழித்துவிட்டுப் பையன்கள் மறுபடி ஆட ஆரம்பித்துவிடுவார்கள். மைதானம் என்றால் எனக்கு அதுதான் தெரியும். எதுவும் வந்து இறங்கக்கூடிய வெற்றிடம் அது என்று யாழ்ப்பாணத்துக்குப் பிறகுதான் தோன்றியது.

நண்பர் சொன்ன கதையில் ஒரு விடுபடல் இருந்தது. 1919இல் ருமேனியப் பல்கலைக் கழகம் வெற்று நிலத்தில் எழவில்லை. 1872லிருந்து அங்கே ஒரு ஹங்கேரியப் பல்கலைக் கழகம் இருந்தது. டிரான்ஸில்வேனியா ருமேனியாவின் கைக்கு வந்ததும் அந்தக் கட்டிடங்கள், நூலகம், ஆஸ்பத்திரிகள் எல்லாம் கைமாறின. ஹங்கேரியர்கள் புடாபெஸ்ட் போய், 1921இல் ஸெகெட் நகரத்தில் குடியேறினார்கள். 1940இல் அவர்கள் திரும்பி வந்தபோதுதான் இவர்கள் ஸிபியு போனார்கள். அதாவது, தன் அகதி வாழ்வைப் பதக்கம்போல் அணிந்திருக்கிற இந்த அணி பிறந்ததே இன்னொருவரை அகதியாக்கிய வருஷத்தில். ஊருக்கே மூன்று பெயர். ருமேனியருக்கு க்ளூஜ், ஹங்கேரியருக்குக் கொலோஷ்வார், ஜெர்மானியருக்கு க்ளௌஸன்பர்க். 1974இல் சௌஷெஸ்கு, ரோமானியர்தான் எங்கள் மூதாதை என்று நிலைநாட்ட, பழைய ரோமானியப் பெயரான நபோகாவையும் ஒட்டவைத்தார். அணியின் பெயரையும் அரசாங்கம் விட்டுவைக்கவில்லை. ஐம்பதுகளில் எல்லா மாணவர் அணிகளுக்கும் ‘ஷ்டியின்ட்ஸா’, விஞ்ஞானம், என்று ஒரே முத்திரை. 1966இல்தான் பழைய ‘உ’ திரும்பக் கிடைத்தது.

கால்பந்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதே ஸிபியுவில் நடந்த இன்னொரு காரியம். கவியும் தத்துவவாதியுமான லூசியன் ப்ளாகா அங்கே இடம்பெயர்ந்து வந்து பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வகுப்புகளிலிருந்த சில மாணவர்கள் ‘ஸிபியு இலக்கிய வட்டம்’ என்று கூடினார்கள். நெகோயிட்ஸெஸ்கு, ராது ஸ்தாங்கா, தொய்னாஷ், ஸிர்பு. 1943இல் விமர்சகர் லொவினெஸ்குவுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். லொவினெஸ்கு தேசியவாதிகள் வசைபாடிக்கொண்டிருந்த ஆள். இழந்த மண், ஆட்டிடையன், கிராமத்துப் புல்வெளி என்று புலம்புவதை இலக்கியம் என்று ஒப்புக்கொள்ள மாட்டோம் என்பது கடிதத்தின் ஸாரம். ஊரை இழந்த பையன்கள், ஊரை இழந்த சோகத்தை விற்க மறுத்தார்கள். 1945இல் ஒரு பத்திரிகையும் கொண்டுவந்தார்கள். அவ்வருஷமே நின்றுபோயிற்று. எத்தனை இதழ் வந்தது என்று கேட்பது நம் போன்றவர்களுக்கு நாகரிகமல்ல.

ஒரே இடப்பெயர்ச்சி, ஒரே ஊர். அணி அந்த இழப்பைக் கொடியாகப் பிடித்தது, பத்திரிகை கையால் தொட மறுத்தது. அணி இன்றும் இருக்கிறது, பத்திரிகை இல்லை. இதிலிருந்து ஜனங்களுக்கு எது வேண்டும் என்று சுலபமாகப் பேசிவிடலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்தப் பையன்கள் தங்கள் மறுப்புக்குக் கொடுத்த விலையைப் பார்க்க வேண்டும். ப்ளாகா நாற்பதுகளின் இறுதியில் நாற்காலியை இழந்து நூலகத்தில் ஒதுங்கினார். தொய்னாஷும் நெகோயிட்ஸெஸ்குவும் ஜெயிலுக்குப் போனார்கள். ஸிர்பு ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன். பிறந்தது 1919இல், ‘உ’ பிறந்த வருஷம். 1957லிருந்து 1963 வரை சிறை. வெளியே வந்து சுரங்கத்தில் வேலை பார்த்து, 1964இல் க்ராயோவா நகரத்து நாடக அரங்கில் ஓர் உத்தியோகத்தில் ஒதுக்கப்பட்டார். சாகும் வரை அங்கேதான். மேஜை அறைக்காக எழுதினார்.

அந்த க்ராயோவாவில்தான் இன்னொரு யூனிவர்ஸிடாடெயா. 1948இல் மாணவர்களும் ஆசிரியர்களும் தொடங்கியது. இவர்கள் ஜெயித்தவர்கள். 1974, 1980, 1981, 1991 சாம்பியன். 1983இல் யூஃபா கோப்பை அரையிறுதியில் பென்ஃபிகாவிடம் தோற்காமலே, எதிராளி மைதானத்தில் போட்ட கோல் கணக்கில், வெளியேறியவர்கள். பாலாச்சி, கமடாரு என்ற பெயர்களை நாடே உச்சரித்த வருஷங்களில் அதே ஊரின் ஓர் அறையில் ஸிர்பு பிரசுரமாகாத பக்கங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். 1989 செப்டம்பரில் இறந்தார். மூன்று மாதம் இருந்திருந்தால் சௌஷெஸ்கு விழுந்ததைப் பார்த்திருக்கலாம். நாட்குறிப்பு அவருக்குப் பிறகு அச்சாயிற்று. அந்த வெற்றிகரமான அணியோ பின்னால் இரண்டாயிற்று. 2011இல் சம்மேளனம் அதை விலக்கிய பிறகு இரண்டு கிளப்புகள் கிளம்பி, பழைய பட்டங்கள் யாருடையவை என்று கோர்ட்டு ஏறின. சொத்து இருந்தால்தான் பாகப்பிரிவினை.

‘உ’வும் 2016இல் திவாலாகி நான்காம் டிவிஷனில் கடைசிப்படியிலிருந்து ஆரம்பித்தது. பழைய ஸ்டேடியத்தை 2009இலேயே இடித்தாகிவிட்டது. 2011இல் எழுந்த புதியதில் முப்பதாயிரம் பேர் உட்காரலாம். கிராமத்து அணிகளோடு ஆடி, 2022இல் முதல் டிவிஷனுக்குத் திரும்பினார்கள். மறு வருஷமே, 2023 மே 24, கோப்பையின் இறுதியாட்டம். நடந்த இடம் ஸிபியு. எதிரணி ஸெப்ஸி, ஹங்கேரிய மொழி பேசுகிறவர்கள் பெரும்பான்மையாக உள்ள ஓர் ஊரின் அணி. கோல் இல்லை. பெனால்டியில் ‘உ’ தோற்றது.

நண்பர் அந்த ஆட்டத்துக்குப் போயிருக்கிறார். அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் 1919ஐப் பற்றி நான் படித்ததைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என் பாட்டி ஹங்கேரியக்காரி” என்றார். கொலோஷ்வார் என்றுதான் கடைசிவரை சொல்வாளாம். ஸிபியுவில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள் என்று கேட்டேன்.

“அவளுக்கு ஸெப்ஸி என்று ஒரு டீம் இருப்பதே தெரியாது. ‘உ’ தோற்ற இரவுகளில் அவள் அடுப்பு மூட்ட மாட்டாள்” என்றார்.