கேட்டதைச் சொல்ல ஓர் ஆள்

பாட்டு கேட்பது தனியாளாகவே முடிந்துவிடுகிற காரியம் என்று இப்போது பலரும் நினைக்கிறார்கள். காதில் ஒன்றை மாட்டிக்கொண்டால் உலகத்துப் பாட்டெல்லாம் வந்து விழுகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனாலும் நாம் கேட்டதை இன்னொருவரிடம் சொல்லி, அவர் கேட்டதை நாம் காதுகொடுத்துக் கேட்ட பிறகுதான் ஒரு பாட்டு நமக்கு முழுசாகக் கிடைக்கிறது. இந்த வயதில் நான் தயங்காமல் சொல்லக்கூடிய சில விஷயங்களில் இது ஒன்று.

மாரண்டஹள்ளியில் எங்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது கூத்து. தருமபுரிப் பக்கம் பாரதம் வைத்தால் பகலில் சொற்பொழிவு, ராத்திரி விடிய விடியக் கூத்து. அதில் அர்ச்சுனன் தபசு அன்றைக்குச் சுற்றுவட்டாரமே வந்து நிற்கும். உயரமான மரத்தை நட்டு, படி அடித்து, உச்சியில் பரண் கட்டியிருப்பார்கள். அர்ச்சுனன் வேடம் கட்டியவர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே குழந்தை வரம் வேண்டி வந்த பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். மேலிருந்து எலுமிச்சம்பழமும் திருநீறும் விழும். பாதி மரத்துக்கு மேல் போனதும் அவர் குரலைக் காற்று இழுத்துக்கொண்டு போய்விடும். அப்போது கீழே நிற்கும் பின்பாட்டுக்காரர்கள் அவருடைய கடைசி அடியைப் பிடித்துத் திருப்பிப் பாடுவார்கள். மேலே ஒரு குரல் தேய, கீழே நாலு குரல் எழும். அதைக் கேட்கும்போது மயிர் கூச்செறியும்.

அதைவிட எனக்குப் பிடித்தது மறுநாள் காலை டீக்கடை. ராத்திரி தண்ணீர் முறை வந்து வயலுக்குப் போனவர்களும், நடுச்சாமத்தில் கோரைப் பாயிலேயே தூங்கிப்போனவர்களும் விட்டுப்போனதைக் கேட்க வந்து உட்காருவார்கள். "நானும் கடைசிவரைக்கும் இருந்தேன்" என்று சொன்னால் அங்கே ஒரு மரியாதையும் கிடையாது. "கர்ணன் தாயைப் பார்த்துப் பேசறப்போ ஆர்மோனியம் நின்னுபோச்சே, வேணும்னுதான் நிறுத்தினாங்க, கவனிச்சீங்களா மாமா?" என்று ஒருவர் கேட்டால் பெஞ்சில் அவருக்கு இடம் விடுவார்கள். போனதைப் பெரிதாகச் சொல்லாதே, கேட்டதைச் சொல் என்ற பாடத்தை நான் அங்கேதான் படித்தேன். கையில் டிக்கெட் இருப்பவர்கள் எல்லோரும் கேட்டவர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

கூத்து இல்லாத மாதங்களில் இலங்கை வானொலி. காலையில் பொங்கும் பூம்புனல் ஒலிக்காத டீக்கடை அந்தக் காலத்தில் இல்லை. கே.எஸ். ராஜாவின் வேகத்தையும் பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பையும் எங்கள் பையன்கள் பேசிப் பழகினார்கள். அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டைத் தெருத்தெருவாகத் திண்ணையில் நடத்தினோம். கடல் தாண்டியிருக்கும் ஒருவர் நமக்குப் பிடித்த பாட்டைத் தனக்கும் பிடிக்கும் என்பதுபோல் அறிமுகம் செய்து போடும்போது, நம் ரசனைக்கு ஒரு கூட்டாளி கிடைத்தான் என்ற தெம்பு வரும். சொந்தமாக ரேடியோ வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் தெம்பு பெரிய சொத்து.

பிற்பாடு நான் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்தேன். நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஆறு பாட்டு பிடிக்கும். கொஞ்சம் நீளமானது வந்தால் ஐந்துதான். கடைசியில் மிஞ்சும் இரண்டு மூன்று நிமிடத்தில் என்ன போடுவது என்பதுதான் பதிகிறவனின் கைத்திறன். பாதியில் அறுந்துபோகிற பாட்டைப் போல மனதைக் கெடுப்பது வேறில்லை. அந்த இடத்துக்குப் பொருத்தமாக ஒரு சின்னப் பாட்டை நானே தேர்ந்து போட்டுவிடுவேன். மறுவாரம் வந்து, "ண்ணா, கடைசியில ஒண்ணு போட்டிருந்தீங்களே, அது யாரு பாடினது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் ஆரம்பித்த சிநேகங்கள் இன்னும் இருக்கின்றன. ஒருவர் கொண்டுவருகிற பட்டியலைப் பார்த்தால் வீட்டில் கல்யாணமா, காதலா, சாவா என்று தெரியும். எந்தப் பட்டியலையும் பார்த்து நான் முகம் சுளித்ததில்லை. ஒருவருக்குப் பிடித்த பாட்டை இகழ்வது அவர் வீட்டுச் சோற்றை இகழ்வதற்குச் சமம்.

எங்கள் ஊர் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகிற இடம். கடை பெஞ்சில் அடிக்கடி எழுகிற வழக்கு பி.பி. ஸ்ரீனிவாஸ் யாருடையவர் என்பது. ஜெமினி கணேசனின் குரல் என்று தமிழ் ரசிகர் சொல்வார். ராஜ்குமாருக்கு வருஷக்கணக்காகக் குரல் கொடுத்தவர் எங்களுக்குத்தான் சொந்தம் என்று மலையோரத்துக் கன்னட விவசாயி மல்லுக்கு நிற்பார். பிறந்தது காக்கிநாடா, அப்புறம் என்ன பேச்சு என்று தெலுங்குக்காரர் தீர்ப்பு எழுதப் பார்ப்பார். 1974இல் வந்த 'சம்பத்திகெ சவால்' படத்துக்குப் பிறகு ராஜ்குமார் தன் பாட்டைத் தானே பாட ஆரம்பித்தாரே, அது லாபமா நஷ்டமா என்று அடுத்த சுற்று தொடங்கும். இளையராஜா பேச்சு வந்தாலும் இதே கதை. 'அன்னக்கிளி' வந்தது 1976இல். அதற்கு முன்பு அவர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து நிறையக் கன்னடப் படங்களுக்கு வேலை செய்தவர். "உங்க ராஜா கை முதல்ல எங்க பாட்டுலதான் பட்டுச்சு" என்று கன்னடக்காரர் சொன்னால் எங்களால் மறுக்க முடியாது. மறுக்கவும் தோன்றாது, கூடப் பெருமைதான் வரும்.

1991 டிசம்பரில் காவிரித் தகராறில் பெங்களூரில் தமிழர்கள் அடிபட்டபோது, உயிர் பிழைத்தால் போதும் என்று எங்கள் பக்கத்துக்கும் ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. அந்த நாட்களில் ஒருநாள் அந்தக் கன்னட விவசாயி கடைக்கு வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். யாரும் பேசவில்லை. நான் பி.பி. ஸ்ரீனிவாஸின் தமிழ்ப் பாட்டு ஒன்றைப் போட்டேன். அது முடிந்ததும் அதே குரலில் கன்னடம் ஒன்று. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் டீ சொன்னார். பாட்டு நதிநீர்த் தகராறைத் தீர்க்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரே குரலை நேசிக்கிற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் அடிக்கக் கை ஓங்குவது கஷ்டம். எங்கள் பெஞ்சில் யாரும் ஓங்கவில்லை.

கடைக்கு வந்தவர்களில் நான் மிகவும் மதித்தது கூத்துக்கு ஆர்மோனியம் வாசித்த ஒரு பெரியவரை. 'சிந்து பைரவி' 1985இல் வந்தபோது அந்தப் பாட்டுகளைக் கேட்டு மாளாது. காம்போஜியில் இருக்கிற தியாகராஜர் கீர்த்தனை ஒன்றை இளையராஜா அந்தப் படத்தில் சாரமதிக்கு மாற்றி, அதை நாட்டுப்புற மெட்டோடு கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். இது சரியா என்று படித்தவர்கள் நடுவே பெரிய விவாதம் நடந்தது. எங்களுக்கு அந்த விவாதமே புரியவில்லை. பெரியவர் துணி சுற்றிய பெட்டியைப் பிரித்து பெஞ்சில் வைத்தார். இடது கையால் துருத்தியை மெல்ல அழுத்திக்கொண்டு, அந்த அடியை முதலில் காம்போஜியில் வாசித்தார். வெள்ளைக் கட்டைகளில் பாதிக்கு விளிம்பு உடைந்திருந்தது. பிறகு சாரமதியில் வாசித்தார். முன்னதில் நிமிர்ந்து நின்ற வரி, பின்னதில் கெஞ்சியது. "சரியா தப்பான்னு அப்புறம் பேசலாம் தம்பி. ரெண்டையும் கேட்டியா? வித்தியாசம் தெரிஞ்சுதா? அது போதும்" என்றார். எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்கு இப்படி யாரும் பாடம் நடத்தியதில்லை. தெரிந்ததைச் சபையில் காட்டிக்கொள்வதற்கும், தெரியாதவனுக்குத் திறந்து கொடுப்பதற்கும் உள்ள தூரம் அன்றைக்குத்தான் விளங்கியது.

அவர் தூண்டிவிட்டுத்தான் பெங்களூர் ராமநவமிக் கச்சேரிகளுக்குப் போகத் தொடங்கினோம். சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப்பள்ளி மைதானத்தில் ஸ்ரீராமசேவா மண்டலி 1939 முதல் நடத்துகிற விழா அது. எம்.எஸ்., செம்மங்குடி, பாலமுரளி, லால்குடி என்று பெரியவர்கள் பாடி வாசித்த பந்தல். எங்கள் ஊரில் ரயில் ஏறினால் ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் போய்விடலாம். உள்ளே உட்காரக் காசு இல்லாதவர்கள் வெளியே ரோட்டில் நின்று ஒலிபெருக்கியில் கேட்பார்கள். நாங்கள் அந்தக் கூட்டம். யேசுதாஸ் பாடுகிற அன்றைக்கு ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. நடைபாதையில் துண்டை விரித்து உட்கார்ந்து, தொடையில் தாளம் போடும் முகம் தெரியாத மனிதர்கள். ஒருமுறை பக்கத்தில் இருந்த கன்னடப் பெரியவர் தன் கையில் இருந்த கோசம்பரியில் பாதியை என் உள்ளங்கையில் போட்டு, ராகத்தின் பெயரைக் காதோடு சொன்னார். தனி ஆவர்த்தனம் தொடங்கினால் உள்ளே இருப்பவர்களில் சிலர் காபிக்கு எழுந்து வருவார்கள். ரோட்டில் நின்றவர்கள் யாரும் நகர மாட்டார்கள். பம்பையும் மிருதங்கமும் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அதுதான் கச்சேரியின் உச்சம்.

ஊர் திரும்பியதும் முதல் வேலை அக்காவிடம் போய்ச் சொல்வது. அந்தக் காலத்தில் பெண்கள் கச்சேரிக்காக ரயில் ஏறி ராத்திரி தங்குவதை வீட்டில் விடமாட்டார்கள். நியாயமே இல்லாத தடை அது, இன்றைக்கும் நினைத்தால் கோபம் வருகிறது. அக்கா தக்காளி தரம் பிரித்துக்கொண்டே கேட்பாள். "சும்மா நல்லா இருந்துச்சுன்னு சொல்லாதே. முதல்ல என்ன பாடினாரு? வயலின்காரர் பதிலுக்கு என்ன வாசிச்சாரு?" என்று குடைவாள். அவளுக்குச் சொல்ல வேண்டுமே என்பதற்காகவே நான் கூர்ந்து கேட்கப் பழகினேன். நான் பாடிக் காட்டுவதில் எங்கே பிசகுகிறது என்று, அந்தக் கச்சேரியைக் கேட்காத அவள் திருத்துவாள். எங்கள் வீட்டில் முதல்தரமான ரசிகர் அவள்தான். ஒரு கச்சேரிப் பந்தலுக்குள்ளும் அவள் கால் வைத்ததில்லை.

2020 செப்டம்பர் 25 அன்று எஸ்.பி. பாலசுப்ரமணியம் போனார். கொரோனா காலம், நாலு பேர் ஓரிடத்தில் கூட முடியாது. கடையை மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் பழைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். துக்கம் விசாரிக்கிற குரல். அவரவர் பட்டியலில் எழுதிக் கொடுத்த எஸ்பிபி பாட்டைச் சொன்னார்கள். தெலுங்குக்காரர் ஒன்று, கன்னட விவசாயியின் மகன் ஒன்று. சிலர் இரண்டு வரி பாடினார்கள், முடிக்க முடியவில்லை. தனியாக அழ வேண்டிய ஓர் இரவை நாங்கள் சேர்ந்து கடந்தோம். ரசிகர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்து வைத்திருப்பதன் பயன் அப்படிப்பட்ட நாளில்தான் முழுசாகத் தெரியும்.

இப்போதைய பிள்ளைகளைப் பற்றி எனக்குக் குறை இல்லை. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியபோது, அந்தச் செய்தியை முதலில் எனக்குச் சொன்னவன் பேரன்தான். 2023 செப்டம்பரில் சென்னை பனையூரில் ஏ.ஆர். ரகுமான் கச்சேரிக்கு டிக்கெட் வைத்திருந்தும் நெரிசலில் உள்ளே போக முடியாமல் திரும்பியவர்களின் கதையைப் படித்தபோது, அந்த இளைஞர்களுக்காக மனம் நொந்தேன். காத்திருந்த பாட்டைக் கேட்காமல் திரும்புவது சின்ன நஷ்டம் இல்லை. பேரன் அண்மையில் பெங்களூரில் ஒரு கச்சேரிக்குப் போய்விட்டு வந்து போனில் வீடியோ காட்டினான். கூட்டத்தின் கூச்சலும் மேலே ஆடுகிற வெளிச்சமும்தான் தெரிந்தன. "அதை மூடி வைடா. நீ கேட்டதைச் சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, ஓரிடத்தில் பாடகர் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டியதையும், பக்கத்தில் நின்ற தெரியாத பையன் சரியான சுருதியில் எடுத்துப் பாடியதையும் சொன்னான். சொல்லும்போதே அவன் முகம் மாறியது. அந்தப் பையனின் பெயர் என்ன என்று கேட்டேன். கேட்கவில்லையாம். "அடுத்த தடவை கேளு" என்றேன்.

உங்களிடமும் கேட்பது இதுதான். கச்சேரிக்குப் போனால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள். திரும்பி வந்ததும், வர முடியாமல் போன ஒருவரின் வீட்டுக்குப் போங்கள். முதுமையாலோ நோயாலோ வேலையாலோ காசில்லாமலோ வராமல் போனவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். எந்தப் பாட்டு, எந்த இடத்தில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். பாட வராவிட்டாலும் பாடிக் காட்டுங்கள். பிறகு அவருக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கிறவரை உட்கார்ந்திருங்கள்.