எண் 4, எண் 14

குடும்ப வரலாறு தேடுகிறவனுக்குக் காகிதம் கிடைப்பதில் பெரிய சிரமமில்லை. கிடைத்ததைக் கணினியில் எந்தப் பெயரில் வைப்பது என்பதில்தான் தொடங்குகிறது தலைவலி. எங்கள் குடும்பத்தில் பேரனுக்குத் தாத்தாவின் பெயர். ஆகவே ஒருவர் விட்டு ஒருவருக்குப் பெயர் மட்டுமன்று, தலையெழுத்தும் அப்படியே ஒத்துப்போகிறது. ஆள் பெயரில் கோப்புறை திறந்தால் கொள்ளுத்தாத்தாவின் பத்திரமும் பேரனின் பள்ளிச் சான்றிதழும் ஒரே இடத்தில் போய் விழும்.

எனவே எண்ணுக்கு மாறினேன். 1590இல் மைக்கேல் ஐட்சிங்கர் என்பவர் அச்சிட்ட நூலிலேயே இருக்கிற முறைதான். நீங்கள் 1, தந்தை 2, தாய் 3. எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய தந்தை, அதனோடு ஒன்றைக் கூட்டினால் தாய். ஐரோப்பியப் பிரபுக்களுக்கு அழகாகப் பொருந்தியிருக்கும். என் தந்தை மணந்ததோ தம் மூத்த சகோதரியின் மகளை. தந்தைவழித் தாத்தா 4 என்றால், தாயைப் பெற்ற பாட்டி 7. அவளுடைய தந்தை 14. இருவரும் ஒரே மனிதர். நம் பக்கத்து மாமன் உறவுகளின் முன்னால் இந்தக் கணக்கு இப்படித்தான் தடுமாறும். 14ஆம் கோப்புறையில் '4ஐப் பார்க்க' என்று ஒரே வரிக் குறிப்பு இட்டிருக்கிறேன்.

கோப்பின் பெயரில் முதலில் ஆண்டு, பிறகு மாதம், நாள் என்று இட்டால் கணினி தானாகவே வரிசைப்படுத்திவிடும். ஆனால் ஜாதக நோட்டு 'தாது வருஷம்' என்கிறதே! அது பெரும் பஞ்சத்தின் 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். எண் 8க்கும், அதே பெயரிடப்பட்டுக் குழந்தையிலேயே இறந்த ஒரு பேரனுக்கும் அந்த ஜாதகம் பொருந்தியது. வியாழனையும் சனியையும் பார்த்துப் பயனில்லை; ஒன்று பன்னிரண்டு ஆண்டிலும் மற்றது ஏறத்தாழ முப்பது ஆண்டிலும் சுற்றிவருவதால் அறுபதில் இரண்டும் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ராகு அப்படியன்று, அறுபது ஆண்டில் மூன்று ராசியளவு விலகிவிடும். ராகு 1876 என்று சொன்னது. ஜோதிடத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. அதன் வானக் கணக்கில் உண்டு.

வம்சாவளித் தரவுகளைப் பரிமாறிக்கொள்ள 1984 முதல் புழங்கிவரும் வடிவம் கெட்காம். 2021இல் வந்த அதன் 7.0 பதிப்பு ஒருங்குறியையே விதியாக்கிவிட்டது. தமிழ்ப் பெயர்கள் இனிப் பூச்சி எழுத்துகளாகச் சிதற வேண்டியதில்லை. குடும்பப் பெயர் எது என்று மென்பொருள் கேட்கும்போதெல்லாம் வெற்றிடம் விட்டுவிடுகிறேன். அதைவிட உறுத்துவது இன்னொரு வெற்றிடம். எண் 9, எண் 8இன் மனைவி, அவள் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. பத்திரங்களில் ஆண்கள் இன்னார் குமாரர் இன்னார் என்று வருகிறார்கள், அவள் வரவேயில்லை. பெற்றோரின் திருமண உறவினால் அந்தக் கேள்விக்குறி 29ஆம் இடத்திலும் மறுபடி நிற்கிறது.

பெயரோடும் கைநாட்டோடும் காகிதத்தில் இருக்கிற ஒரே பெண் வேறொருத்தி. 1937இன் தான செட்டில்மெண்டுப் பத்திரம் ஒன்றில் எண் 8 ஓர் ஓட்டு வீட்டை அவளுக்கும் அவள் பெற்ற இரு பிள்ளைகளுக்கும் எழுதிவைத்திருக்கிறார். உறவைக் குறிக்க எழுத்தர் போட்ட சொல் 'அபிமான ஸ்திரீ'. நேர் மூதாதையருக்கு மட்டுமேயான எண் முறையில் அவளுக்கு எண் கிடையாது. கெட்காமில் உண்டு இடம். திருமணம் என்ற நிகழ்வு இல்லாமலே ஒரு குடும்பத்தை அதில் பதியலாம். பதிந்தேன்.

சித்தப்பாவுக்கு அச்சுப்படி அனுப்பியதும் தொலைபேசி வந்தது. "பேரப்பிள்ளைகள் பார்க்கிற காகிதம்டா இது. அந்தப் பக்கத்தை எடுத்துடு." அவர்களும் அவருடைய பிள்ளைகள்தானே, சித்தப்பா, என்றேன். வைத்துவிட்டார்.

எண் 9 அவருடைய அப்பாயி. அவள் பெயர் தெரிந்த ஒருவர் இன்னும் இருக்கிறார் என்றால் அது அவர்தான். இரண்டு முறை கேட்டுவிட்டேன். முதலில் அதை எடு, மற்றதைப் பிறகு பேசலாம் என்கிறார். பத்திரத்தின் நகல் எண் 8இன் கோப்புறையிலேயே இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நேரில் மூன்றாம் முறை கேட்க வேண்டும்.