துப்பாக்கியும் அடக்கமும்

கருவி எதுவாயினும் அதனைப் பயில்வதில் இரு கூறுகள் உண்டு. இயக்கக் கற்றல் ஒன்று. இயக்காதிருக்கக் கற்றல் மற்றொன்று. இரண்டாவதே அரிது என்பதைத் துப்பாக்கி சுடுதளம் தெளிவாக உணர்த்துகிறது.

தேசிய மாணவர் படை முகாம் ஒன்றிற்கு மாணவர்களை அழைத்துச் செல்ல நேர்ந்தபோது, ஊர்ப் பெரியவர் ஒருவர் எம்மிடம், "பேராசிரியரே, நம் பிள்ளைகள் கையில் துப்பாக்கி எதற்கு? பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று வினவினார். காலத்தின் போக்கை அறிந்தவர் அவர். அவ்வச்சத்தை யாம் புறந்தள்ளவில்லை. விடை சுடுதளத்தில் கிடைத்தது. 25 மீட்டர் தொலைவில் இலக்கு. கையில் பாயிண்ட் 22 ரைபிள். தரையில் படுத்த நிலையில் எம் மாணவர்கள் முதலில் கற்றது கட்டளை வரும்வரை காத்திருப்பதையே. சுட்டு முடித்தபின், ஒவ்வொரு துப்பாக்கியும் வெறுமையாக உள்ளதா எனச் சோதிக்கப்பட்ட பிறகே எழுந்தனர்.

தற்காப்புக்கெனக் கைத்துப்பாக்கி பயிலும் வழக்கம் வேரூன்றிய நாடு அமெரிக்கா. அங்கு அரிசோனா மாநிலத்தில் 1976-இல் பயிற்சிப் பள்ளி நிறுவிய ஜெஃப் கூப்பர் பரப்பிய விதிகள் நான்கு. எத்துப்பாக்கியையும் தோட்டா நிறைந்ததாகவே கருத வேண்டும். அழிக்க விரும்பாத எதன்மீதும் குழல்வாயைத் திருப்பலாகாது. இலக்கில் குறி பதியும்வரை விசையில் விரல் படலாகாது. இலக்கையும் அதற்கு அப்பால் இருப்பதையும் அறிந்திருக்க வேண்டும். நான்கும் அடக்கத்தின் இலக்கணமே.

அத்தகைய பயிற்சிகளுள் ஒன்று சிந்தனைக்குரியது. மெய்த் தோட்டாக்களுக்கிடையே போலித் தோட்டா ஒன்றைச் சுடுபவர் அறியாமல் கலந்து வைப்பர். அதன் முறை வரும்போது விசையை அழுத்தினாலும் வெடி எழாது. ஆயினும், எழப்போகும் அதிர்வை எண்ணி அஞ்சிய கை குழலைக் கீழே தாழ்த்திவிடும். குறி தவறக் காரணம் தம் அச்சமே என்பதை அவர் அக்கணத்தில் கண்கூடாகக் காண்பார். பின்னர் வெற்றுத் துப்பாக்கியைக் கொண்டு, குழல் அசையாமல் விசையை மெல்ல அழுத்திப் பலமுறை பழகுவர்.

வில் பயிற்சியை ஊக்குவித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே, ஒருவர் தம் சகோதரரை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதைத் தடுத்தருளினார்கள். ஷைத்தான் கையைத் தவறச் செய்துவிடக் கூடும் என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இந்நபிமொழி உண்டு. தன் சினம் பலிக்கும் இடத்தில் அதனை அடக்குபவனையே வள்ளுவரும் சினங்காப்பவனாகக் கொள்கிறார்.

மாணவச் செல்வங்களே! ஆற்றல் இல்லாதவன் அடங்கியிருத்தலில் வியப்பில்லை. சுடத் தெரிந்தும் விரலை விசைக்கு வெளியே நிறுத்தி வைப்பவனே பயிற்சி பெற்றவன். கருவிக்கு அஞ்சி ஒதுங்குவதினும், அதன் விதியறிந்து ஒழுங்குடன் நிற்பது நன்று. நம்மை ஐயுறும் கண்களுக்கும், நம்மவர் நெஞ்சில் உள்ள அச்சத்திற்கும் அவ்வொழுங்கே தக்க விடையாகும்.