ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று

அண்மையில் பேரப்பிள்ளையின் கணிதக் கொப்பியில் "ஒருங்கமை சமன்பாடுகள்" என்ற தலைப்பைக் கண்டதும் மருதமுனையின் தறிச் சத்தம் காதில் கேட்டது.

1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு வீசிய சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை பறந்தது. வாப்பாவின் கணக்குக் கொப்பியும் நனைந்து கூழாயிற்று. எஞ்சியது முதலாளி தந்த துண்டு மட்டுமே: மொத்தம் 30 உருப்படி, கூலி 312 ரூபா. சாரன் நெய்தவர் உம்மா. ஒன்றுக்கு 8 ரூபா. சேலை நெய்தவர் கணவரை இழந்த என் மாமி. ஒன்றுக்கு 14 ரூபா. யார் எத்தனை நெய்தார் என்பது எவருக்கும் சரியாக நினைவில்லை.

பாதி பாதியாகப் பிரித்துவிடலாம் என்றார் வாப்பா. நான் அப்போது பத்தாம் வகுப்பு. பிரதியிடல் முறையை அந்தத் தவணையில்தான் படித்திருந்தேன். சாரன்களை க என்றும் சேலைகளை ச என்றும் கொண்டேன்.

க + ச = 30
8க + 14ச = 312

முதற் சமன்பாட்டில் ச = 30 − க. இரண்டாவதில் ச இருக்குமிடத்தில் அதை அப்படியே வைத்தால் தெரியாக்கணியம் ஒன்றாகிவிடும். ஆனால் நானோ அடைப்புக்குறி போட மறந்து 8க + 420 − க என்று எழுதிவிட்டேன். விடை மறைப் பெறுமானம்! "உம்மா நெய்யாத சாரனுக்கு நாமதான் கடனா மகன்?" என்று வாப்பா சிரித்தார். அடைப்புக்குறியை மறப்போர் இன்றும் குறைவில்லை.

திருத்தி எழுதினேன். 8க + 14(30 − க) = 312. அதாவது 420 − 6க = 312; க = 18, ச = 12. வாப்பா நம்பவில்லை, விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். 144உம் 168உம் சேர்ந்து 312.

பாதியாகப் பிரித்திருந்தால் ஆளுக்கு 156. மாமிக்கு 12 ரூபா குறைந்திருக்கும். அதை எவரும் அறிந்திருக்கவும் மாட்டோம்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலிருந்தே அல்ஜிப்ரா என்ற சொல் பிறந்தது. நாம் அட்சர கணிதம் என்போம். அந்நூலின் பெரும்பகுதி வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகள் என்பதைப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து பல ஆண்டுகளின் பின்னரே படித்தறிந்தேன். தெரியாக்கணியத்தை அவர் "பொருள்" என்றே அழைத்தார்.

மாமி 168 ரூபாவையும் இருமுறை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். உம்மாவின் 144 ரூபா கிடுகு வாங்கப் போயிற்று.