இரண்டு கைப்பேசிகள்

பிரேசிலுக்குப் புறப்படுவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் நான் படித்தவை எல்லாம் கொள்ளையும் கொலையுமாகவே இருந்தன. 2017ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் 60 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் என்ற செய்தி என் உறக்கத்தைக் கெடுத்தது. பின்னர் அவ்வெண்ணிக்கை குறைந்துவிட்டது என்பதையும் அதே பக்கத்தில்தான் படித்தேன். ஆனால், அந்த வரி மனத்தில் நிற்கவில்லை.

சாவோ பாவுலோ நகரில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் அடுக்குமாடிக் குடியிருப்பில் தங்கினேன். மதிலின்மேல் மின்கம்பி ஓடியது. வாயிலில் இரண்டு கதவுகள்; முதற்கதவு மூடிய பின்னரே அடுத்தது திறக்கும். அவற்றிற்கிடையே கூண்டுபோன்ற சிறு இடத்தில் நின்ற சில நொடிகளில், இத்துணைக் காவல் தேவைப்படும் ஊரா இது என்று நெஞ்சு பதைத்தது. அம்மையாரோ அஞ்சி வாழ்பவராகத் தெரியவில்லை. “இந்த ஊர் ஆபத்தானதா?” என்று கேட்டேன். “எந்தத் தெருவைக் கேட்கிறீர்கள்? எத்தனை மணிக்கு?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அவருடைய கணக்கு அப்படிப்பட்டது. பேராலயம் அமைந்துள்ள சே சதுக்கத்தில் பகலில் கூட்டம் நெரியும். சட்டைப்பையைக் காத்துக்கொண்டால் போதும். அலுவலகங்கள் மூடி ஆளரவம் அடங்கிய பிறகு அவரே அங்கு நடப்பதில்லை. ரியோ டி ஜெனீரோவின் கோபகபானா கடற்கரைக்குச் சிறிதளவு பணத்துடன் பகலில் போகலாம். இரவில் மணலில் இறங்கலாகாது. அந்நகரில் வரைபடச் செயலி காட்டிய குறுக்குவழியை நம்பி, ஆயுதக்குழுக்களின் பிடியிலிருந்த குடியிருப்புக்குள் வண்டியோட்டிச் சென்று உயிரிழந்தோரும் உண்டு.

பின்னர்த் தம் பழைய கைப்பேசி ஒன்றை மேசைமேல் வைத்தார். “வெளியே இதை எடுத்துச் செல்லுங்கள். எவரேனும் கேட்டால் கொடுத்துவிடுங்கள். எதிர்க்க வேண்டா, ஓட வேண்டா, பைக்குள் திடீரெனக் கைவிடவும் வேண்டா.” அங்கே கைப்பேசியைப் பறிப்பவர் நாடுவது கருவியை மட்டும் அன்று. 2020இல் ‘பிக்ஸ்’ என்னும் உடனடிப் பணமாற்று முறை வந்தது; திறந்த நிலையிலுள்ள கைப்பேசி கிடைத்தால், வங்கிக் கணக்கிலுள்ள பணத்தையும் நொடிகளில் மாற்றிவிட முயல்வார்கள். இதனால் இரவு நேர மாற்றங்களுக்கு 1000 ரெயால் என்னும் வரம்பை மத்திய வங்கி விதித்தது. களவுபோன கைப்பேசியையும் கணக்குகளையும் விரைந்து முடக்க 2023இல் அரசே ஒரு செயலியை வெளியிட்டது.

இவ்வளவும் கேட்ட பின்னரும் மூன்றாம் நாள் மாலை என் கைப்பேசியையே எடுத்துச் சென்றேன். பழைய கைப்பேசியில் படம் தெளிவாக விழாது என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். பாவுலிஸ்தா பெருந்தெருவில் 1968இல் திறக்கப்பட்ட கலை அருங்காட்சியகம் இருக்கிறது. லீனா போ பார்தி வடிவமைத்த அக்கட்டடம் சிவப்புத் தூண்களின்மேல் எழும்பி நிற்க, அதன் கீழே பெரிய வெட்டவெளி விரிந்து கிடக்கும். அதைப் படமெடுக்க நடைபாதை ஓரமாக நின்றேன்.

கறுத்த நிறமும் தலைமூடிய மேற்சட்டையுமாக ஓர் இளைஞன் என்னை நோக்கி விரைந்து வந்தான். நான் பையை மார்போடு அணைத்துப் பின்வாங்கினேன். அவன் சட்டென நின்றான். இரு கைகளையும் விரித்துக் காட்டினான். பிறகு என் கைப்பேசியைச் சுட்டினான். எனக்குப் பின்னே நடைபாதையை ஒட்டி மெல்ல ஊர்ந்துவந்த மிதிவண்டியையும் சுட்டினான். சட்டைப்பைக்குள் எதையோ வைப்பதுபோல் செய்து காட்டினான். கைப்பேசியை உள்ளே வைத்தேன். மிதிவண்டி வேகமெடுத்து அகன்றது. இளைஞனும் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தான். கழுத்தில் ஏதோ கடையின் பணியாளர் அட்டை ஆடிக்கொண்டிருந்தது. வானூர்தியில் பலமுறை சொல்லிப் பழகிய ‘ஒப்ரிகாடு’ என்ற நன்றிச் சொல் எனக்கு அப்போது வாயில் வரவில்லை.

இரவு அம்மையாரிடம் சொன்னேன். என் கைப்பேசியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “நீங்கள் படித்துவிட்டு வந்த அந்தக் கொலைக் கணக்கில் இறந்தவர்கள் யார் தெரியுமா? நான்கில் மூவர் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும். பெரும்பாலோர் அவனைப்போன்ற இளைஞர்கள். நீங்கள் பத்து நாளில் போய்விடுவீர்கள். அவனைக் கண்டு நீங்கள் பின்வாங்கினீர்கள், காவலரும் அவனைக் கண்டு அஞ்சுவர், அவர்கள் கையிலோ துப்பாக்கி இருக்கும்,” என்றார். எனக்கு உணவு இறங்கவில்லை.

மறுநாள் பழைய கைப்பேசியுடன் அதே இடத்திற்குப் போனேன். படம் எடுக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்றவர்களின் முகங்களைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தேன். அவன் வரவில்லை. நன்றாக இருட்டியதும் அருகிலிருந்த கடைக்குள் சென்று வாடகை மகிழுந்தை வரவழைத்தேன். வண்டியின் எண்ணை இருமுறை சரிபார்த்துவிட்டே ஏறினேன்.